யாருக்குன்னு சொல்லுங்க, அடுப்புப் பத்த வைக்கிறேன்

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். ஒரு பீங்கான் பாத்திரம் நிறைய காய்கறி, அதன் தலையில் சீஸ் சாஸ், அதை அடுப்புக்குள் தள்ளிப் பொன்னிறமாக வெளியே எடுத்தால் ஒரு மனிதனின் வேலை பிழைத்துவிடும் என்று நம்பினேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. இரண்டு பிள்ளைகள். ஓட்டுரிமைகூட இருந்தது. இருந்தும் நம்பினேன்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் விருந்தினர் விடுதியில் நான் நிர்வாக உதவியாளன். பதவி கேட்க நன்றாக இருக்கும். வேலை என்னவென்றால் படுக்கை விரிப்பு எண்ணுவது, கொசுவத்தி வைப்பது, வருகிறவர்களின் ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று ஸ்டேஷனுக்குப் போன் போடுவது. அரியலூரை மாவட்டமாக்கினார்கள், மறு வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள், பிறகு மறுபடி பிரித்தார்கள். நாங்கள் லெட்டர்பேடு அச்சடித்து முடிப்பதற்குள் மாவட்டம் மாறிவிடும். நாம் இருக்கும் மாவட்டமே நம்மைக் கேட்காமல் வந்து போகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

விடுதிச் சமையலறையில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் மாஸ்டர். ஏலாக்குறிச்சிக்காரர். இளவயதில் திருச்சியில் பெரிய அதிகாரிகள் சாப்பிடும் கேண்டீன் ஒன்றில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றவர். எங்களிடம் வந்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருட்டிக்கொண்டு நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் காலைத் தூக்கி அரிசி மூட்டை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவரிடம் டீ கேட்டேன்.

"யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"நீங்க யாரு?"

சொன்னேன். எந்த ஊர், காலையில் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேனா உட்கார்ந்து வந்தேனா என்று வரிசையாகக் கேட்டார். வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட இவ்வளவு கேட்கவில்லை. பிறகு டீ வந்தது, கூடவே ஒரு வாழைப்பழம்.

"பழத்த மொதல்ல சாப்புடுங்க. வெறும் வயித்துல டீ குடிச்சா பதினோரு மணிக்கு எல்லார்ட்டயும் எரிஞ்சு விழுவீங்க."

பதினோரு மணிக்கு நான் எரிந்து விழவில்லை. அதற்காகவே அவர் மேல் எரிச்சலாக இருந்தது. மேலாளருக்கு உளவு சொல்கிற ஆள், அதனால்தான் இத்தனை கேள்வி என்று நான்கு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு விஷயங்களை அவரிடம் பொய்யாகவே சொல்லிவந்தேன். எனக்குக் கத்தரிக்காய் ஒவ்வாது என்று ஒரு நாள் அள்ளிவிட்டேன். அவ்வளவுதான், ஆறு வருடம் அந்தச் சமையலறையில் எனக்குக் கத்தரிக்காய் கிடைக்கவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனை மூக்கைத் துளைக்க, ஓரமாக உட்கார்ந்து பீர்க்கங்காயைப் பிசைந்துகொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லவும் வெட்கம்.

"யாருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் வராமல் அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. விருந்தாளி வராத நாளில் அடுப்பு அணைந்தே கிடக்கும், பசியோடு நான் நின்றாலும், வாய்விட்டுக் கேட்கும் வரை.

ஒருமுறை கணக்குத் தணிக்கைக்கு ஒருவர் வந்து நான்கு நாள் தங்கினார். முதல் நாள் மதியம் அவர் தட்டு கழுவுவதற்குத் திரும்பி வந்தது. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் தட்டு பார்ப்பது டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல இருக்கும்.

"தம்பி, நாலாம் ரூம் சாருக்கு வலது பக்கம் கடவாப்பல்லு வலி."

"சொன்னாரா?"

"முருங்கக்காய் சொல்லுது. பாருங்க, சக்கை சரியா நசுங்கவே இல்ல. பாதி கடிச்சு துப்பியிருக்காரு. அப்பளத்த தொடவே இல்ல. மேசையில பாத்தேன், தண்ணி கிளாஸு இடது கைப்பக்கம் போயிருக்கு, அந்தப் பக்கமா சாச்சுக் குடிக்கிறாரு."

அன்று மாலையில் இருந்து நாலாம் ரூமுக்குக் குழைந்த சாதம், மசித்த கீரை, வெதுவெதுப்பான ரசம். கிளம்பும் நாள் அந்த மனிதர் என்னிடம் வந்து, "உங்க ஊர்ல எல்லாமே ரொம்ப மிருதுவா இருக்கு" என்றார். அரியலூரைப் பார்த்து, சுண்ணாம்புப் பாறையைப் பார்த்து, மிருது என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

இன்னொருமுறை செந்துறையில் இருந்து ஒரு பெரிய வீட்டுக்காரர் காரில் வந்தார். மகள் கல்யாணத்துக்கு மாஸ்டர்தான் சமைக்க வேண்டும் என்றார்.

"யாருக்குங்க?"

"எண்ணூறு பேருக்கு."

"அது எண்ணிக்கைங்க. யாருக்குன்னு கேட்டேன்."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எண்ணூறு பேர் பேரையும் சொல்லணுமாய்யா?"

"பேரு வேணாங்க. ஆளு தெரியணும். எண்ணூறு பேர எனக்கு மனசுல நிறுத்த முடியாது. வேற ஆளப் பாருங்க. நல்லா நடக்கட்டும்."

"திமிரு புடிச்ச ஆளா இருக்கானே" என்று அவர் காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார். ஆமாம் சார் என்றேன். எனக்கு எல்லோரிடமும் ஆமாம் என்று சொல்லும் நோய் உண்டு.

அந்த நோய் முற்றியிருந்த ஒரு நாளில்தான் மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அடுத்த வியாழக்கிழமை சென்னை ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வர்றார். கெஸ்ட் ஹவுஸ் கிச்சன கான்ட்ராக்டுக்கு விடலாமா வேணாமான்னு நேர்ல பாத்து முடிவு பண்ணுவார்."

"அப்ப மாஸ்டர்?"

"கான்ட்ராக்ட்காரங்க அவங்க ஆள வச்சுப்பாங்க. யாரு வந்தாலும் ஒரே மெனு, ஒரே ருசி. அதான் நாகரிகம். மாஸ்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது, புரியுதா?"

ஆமாம் சார் என்றேன்.

நேர்ல பாத்து முடிவு பண்ணுவார். இந்த நான்கு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தொங்கினேன். ஐம்பத்தேழு வயதில், அந்தக் காலோடு, மாஸ்டர் இனி எந்த அடுப்படியில் போய் நிற்பார்? அப்படியென்றால் வருகிறவருக்கு வாழ்நாளில் சாப்பிடாத ஒரு சாப்பாட்டைப் போட்டுவிட வேண்டும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சென்னைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அவருடைய செயலாளர். சார் சைவம், காரம் ஆகாது, மதியத்துக்கு பேக்டு வெஜிடபிள், சீஸ் சாஸோடு இருந்தால் சந்தோஷப்படுவார் என்றார்.

குறித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். மாஸ்டர் சீட்டைப் பார்க்கவே இல்லை.

"யாருக்கு?"

"சென்னை சாருக்கு."

"என்ன வயசு? பல்லு எப்படி? பாலு ஒத்துக்குமா?"

மறுபடி சென்னைக்குப் போன்.

"சாருக்கு என்ன வயசுங்க மேடம்?"

"ஐம்பத்திரண்டு. எதுக்கு?"

"சமையலுக்குங்க. பல்லெல்லாம் கெட்டியா இருக்குங்களா?"

"பல்லா?"

"இல்ல மேடம், காலைல வயிறு..."

போன் வைக்கப்பட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரிடம் திரும்பி வந்தேன். "எல்லாம் நல்லா இருக்காம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். கத்தரிக்காயை நம்பியவர் இதை நம்பவில்லை.

"விடுங்க. காலைல இட்லி வைக்கிறப்ப நானே பாத்துக்கறேன்."

சீஸ் வாங்குவதை நான் ஏற்றுக்கொண்டேன். அரியலூர்க் கடைகளில் கேட்டால் பன்னீர் சோடா இருக்கிறது என்றார்கள். பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். சென்னை, திருச்சி பஸ்கள் நிற்கும் சாலைதானே, ஊர்ப்பட்ட சனம் இறங்கி எதையெதையோ கேட்டுப் பழக்கியிருக்கும். அங்கே ஒரு குளிர்பானக் கடையில் ஒரு டின் அகப்பட்டது. வெயிலில் உருகிவிடுமோ என்று அதை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பச்சப்புள்ளயா?" என்று எட்டிப் பார்த்தார். டின்னைக் கண்டதும் என்மேல் இருந்த மரியாதை போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் அடுப்பு. விடுதியில் மின்சார ஓவன் ஒன்று உண்டு. கம்பி எரிந்து மூன்று வருடமாகி, அதற்குள் அப்பளக்கட்டு இருந்தது. இது எனக்குப் புதன்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க தம்பி. கடைத்தெருல பாய் அடுப்பு இருக்குல்ல" என்றார் மாஸ்டர்.

கடைத்தெருவில் பாய் ஒருவர் பேக்கரி வைத்திருந்தார். விறகு அடுப்பு. விடியலில் மூட்டிப் பன்னும் வருக்கியும் எடுப்பார். நெருப்பை வாரிய பிறகும் மத்தியானம் வரை உள்ளே செங்கல் கனன்றுகொண்டிருக்கும்.

வியாழக்கிழமை விடிகாலை ரயிலில் சென்னை சார் வந்து இறங்கினார். உயரம், கண்ணாடி, கையில் தோல் பெட்டி. எட்டு மணிக்கு இட்லி. மாஸ்டர் கதவு இடுக்கில் நின்று பார்த்தார். அவர் பின்னால் எட்டி நின்று நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு மனிதர் இட்லி சாப்பிடுவது மட்டும்தான்.

"அவசரக்காரரு" என்றார் மாஸ்டர் மெதுவாக. "சூடு பாக்காம வாயில போட்டு, ஊ ஊன்னு ஊதிக்கிட்டு முழுங்குறாரு. ரெண்டு தடவ நாக்கு வெந்துருச்சு. கூட உக்காந்து சாப்புட ஆளு இல்லாதவங்க இப்படித்தான் சாப்புடுவாங்க. சாஸு வெளிய ஆறின மாதிரி இருக்கும், உள்ள நெருப்பா கெடக்கும். அடுப்புலேர்ந்து எடுத்தா இருபது நிமிசம் ஆறணும். அதுக்கு மேல போனா சீஸு ரப்பராயிடும்."

சார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்க்க ஜீப்பில் கிளம்பினார். ஒரு மணிக்குச் சாப்பாடு.

அன்று மாஸ்டர் வேலை செய்ததை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அளவில் வெட்டி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு. வடித்து வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். "காய்ல தண்ணி நின்னா சாஸு அழுதுரும்" என்றார். வெண்ணெயில் மைதாவைப் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை, நிறம் மாறாமல், வறுத்தார். ஆறின பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினார். முதலில் கட்டி கட்டியாக நின்றது. நான் குலதெய்வத்துக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன். அவர் கரண்டியை நிறுத்தாமல் சுற்ற, கட்டிகள் கரைந்து பட்டுப்போல ஆனது. மொட்டை பாக்கி நின்றுவிட்டது. மிளகுத்தூள், ஒரு சுரண்டல் ஜாதிக்காய், துருவிய சீஸ். பீங்கான் பாத்திரத்தில் காயைப் பரப்பி, சாஸை ஊற்றி, காய்ந்த பன்னைப் பொடித்து மேலே தூவி, அங்கங்கே வெண்ணெயைக் கிள்ளி வைத்தார்.

"ருசி பாக்கலியா மாஸ்டர்?"

"நானா சாப்புடப் போறேன்?"

என் மொபெட்டில் நான் முன்னால், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால். பாய் அடுப்பு வாயில் ஒரு சிட்டிகை மாவை வீசினார். அது மெதுவாகச் சிவந்தது.

"சரியான சூடு மாஸ்டர். ஆனா பன்னு வெந்த எடத்துல காய்கறிய வச்சா அடுப்பு என்னைய கேள்வி கேக்குமே."

"கெஸ்ட்டு வந்திருக்கார்னு சொல்லு பாய்."

"அப்பச் சரி. இன்ஷா அல்லா, நல்லா வரும்."

வந்தது. நீளத் துடுப்பால் பாய் வெளியே இழுத்தபோது மேலெல்லாம் பொன் நிறம், ஓரங்களில் சாஸ் குமிழிட்டது. மணி பன்னிரண்டு நாற்பது. துணியில் சுற்றி மாஸ்டர் மடியில் வைத்தோம். நான் மொபெட்டை விரட்டினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

சுண்ணாம்புக்கல்லோ நிலக்கரியோ ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று குறுக்கே வந்து நின்றேவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வேகன்தான். கேட் கீப்பரிடம் ஓடி, "அண்ணே, ஆறிடும் அண்ணே" என்றேன். என்ன ஆறிடும் என்று அவர் கேட்டார். ரயில் நகரவில்லை. திரும்பி வந்தேன். ஐந்து நிமிடம். எட்டு. மாஸ்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வாய்வரை வந்தது. இது சாப்பாடு இல்லை மாஸ்டர், உங்கள் வேலை, உங்கள் கால், உங்கள் அரிசி மூட்டை என்று.

"மாஸ்டர்..."

"ம்?"

"ஆறிருமே மாஸ்டர்."

மாஸ்டர் துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆறட்டும். பன்னெண்டே முக்காலுக்கு இந்த கேட்டு என்னைக்கு தொறந்திருக்கு? இதையும் சேத்துத்தான் கணக்கு போட்டேன். இங்க ஒரு பத்து, கெஸ்ட் ஹவுஸுக்குப் போற வழில பத்து. நீங்க ஏன் தம்பி நடுங்குறீங்க? காலைல சாப்ட்டீங்களா இல்லியா?"

சாப்பிடவில்லை. அதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு மணி இரண்டு நிமிடத்துக்குச் சென்னை சார் உட்கார்ந்தார். கரண்டியால் எடுத்து, ஊதாமல், வாயில் போட்டார். நாக்கு வேகவில்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சாப்பிட்டார். காலையில் ஊதி ஊதி விழுங்கியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டாவது தடவை தானே எட்டிப் பரிமாறிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம். மேலாளரை மனதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு ரயிலுக்குக் கிளம்பினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"லஞ்ச் பிரமாதம். இந்த மாதிரி நான் எங்கயும் சாப்ட்டதில்ல. அவர்ட்ட சொல்லுங்க."

"சரிங்க சார்."

"இதையும் அவர்ட்ட குடுத்துருங்க." தோல் பெட்டியைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். பாராட்டுக் கடிதம் என்றே நினைத்தேன். கார் மறையும் வரை கை ஆட்டினேன்.

மாஸ்டர் பீங்கான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் உறையை நீட்டினேன். திரும்பாமலே கேட்டார்.

"யாருக்கு?"

"உங்களுக்கு மாஸ்டர்."

"எனக்கா?"

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "இங்கிலீசு. நீங்களே படிங்க."

படித்தேன். ஐந்து வரி இருந்தது. இத்தனை வருடச் சேவைக்கு நன்றி என்று முதல் வரி. வாயை மூடி மனதுக்குள் மீதியைப் படித்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் ஒரே வரியாகச் சொன்னேன்.

"வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து கான்ட்ராக்டாம் மாஸ்டர்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் அதை அடைத்தார்.

"அவரு ரெண்டாவது வாட்டி எடுத்தாரே, அடியோட சேத்து எடுத்தாரா, மேல இருந்தத மட்டும் வழிச்சாரா?"

"அடியோட."

"ம்" என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

கடிதத்தின் மேல் மூலையில் தேதி இருந்தது. நான் சீஸ் வாங்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறியதற்கு ஐந்து நாள் முந்தைய தேதி.